ஓமனா சொன்ன ‘வாறேன்’

பாறசாலை கம்ப்யூட்டர் சென்டரில் மத்தியான வெயில் கீபோர்டு வரை நீண்டு கிடக்கிறது. குவைத்திலிருந்து இன்டர்நெட்டில் வந்த வீடியோ தீப்பெட்டி அளவில் ஓடுகிறது. நர்ஸ் சீருடையில் ஓமனா சிரித்துப் பேசுகிறாள். சத்தம் மட்டும் இல்லை. ‘சேதி வீடியோவில் உண்டு’ என்று மட்டும் ஈமெயிலில் எழுதியிருக்கிறாள். கடைசியில் அவள் உதடு ‘வாறேன்’ என்று அசைகிறது. கணவர் சுந்தரதாஸ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறார்.

“ஊருக்கு வாறேனா, பேச்சு முடிஞ்சு போறவ சொல்லுற வாறேனா? நாலு வருசமாச்சு மக்கா!”

“பொறுங்கண்ணே,” என்கிறாள் சென்டர் நடத்தும் ரெஜிலா. “வீடியோ ஓட்டுற இது இனாமா கிட்டின சாப்ட்வேராக்கும். எழுதின ஆளு உள்ள இருக்கதையும் தொறந்து வச்சிருக்காரு. நாமளே சரியாக்கலாம்.”

நிரலின் வரிகள் திரையில் ஏறுகின்றன. முகம் தெரியாத யாரோ, யார் வேண்டுமானாலும் திருத்தட்டும் என்று நம்பிக் கொடுத்த வரிகள். சத்தத்துக்கான வரியில் ரெஜிலா ஒரே ஒரு எண்ணை மாற்றுகிறாள். ஸ்பீக்கர் கரகரக்கிறது.

“லீவு கிட்டியாச்சு. பதினெட்டாம் தேதி வாறேன்.”

சுந்தரதாஸ் கைக்குட்டையைத் தேடுகிறார். திருத்திய வரியை அந்த சாப்ட்வேரை எழுதியவருக்கே அனுப்ப ரெஜிலா தட்டச்சு செய்கிறாள்.

“அவருக்கு இதையும் எழுது மக்கா. ஓமனா வாறா.”