அமுக்கினால் எரியும்

தெருவிளக்குப் பெட்டிக்குள், பொழுது சாய்ந்ததும் தானே கவ்விக்கொண்டு விளக்குகளை எரியவைக்கும் கான்டாக்டர் சுவிட்ச் கருகிவிட்டது. "இந்தத் தகட்டைக் கட்டையால அமுக்கினா தெரு பூரா எரியும், விட்டா அணைஞ்சிரும். புதுசு வர்றவரைக்கும் பாத்துக்கம்மா" என்று செபத்தியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போன வயர்மேன் போனவன்தான். இருட்டில் திறந்த சாக்கடைக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். தினமும் கட்டையோடு வந்து நின்றாள். செருகி வைத்தால் நழுவியது. கை மரத்துப்போனபோது மாற்றிவிட ஒரு ஆள் வரவில்லை. அலுவலகப் புகார்ப் புத்தகத்தில் ‘விளக்கு எரிகிறது’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். மூன்றாம் வருஷம், வெளியூரில் மகள் செத்துப்போன சேதி கேட்டு அலறிக்கொண்டு ஓடியவளைப் பக்கத்து வீட்டு லில்லி வாசலிலேயே மறித்தாள்.

"போ அக்கா, வேண்டாங்கல. கட்டைய யாருகிட்ட குடுத்துட்டுப் போற?"