சிவப்பு மெழுகு

மனைவி ஆர்டிஸின் கைக்குட்டையில் இருந்த சிவப்புக் கறை உதட்டுச் சாயம் இல்லை. வெர்லின் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். தேன்மெழுகு வாசனை அடித்தது. இதற்கு உதட்டுச் சாயமாகவே இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

அவளுடைய துப்பாக்கிப் பையைத் திறந்தார். உள்ளே ஒரு பெட்டி நிறையத் தோட்டாக்கள். ஈயக்குண்டு பித்தளைக்குள் இறங்கும் இடத்தில் ஒவ்வொன்றிலும் மெல்லிய சிவப்பு வளையம் இருந்தது. குழலில் வழுக்கிப் போவதற்காக வெர்லின் தான் வார்க்கும் குண்டுகளுக்கு நீல மெழுகைத் தவிர வேறெதையும் பூசியதில்லை.

சால்மன் ஆற்றங்கரைத் துப்பாக்கி கிளப்பில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. இன்னொருவர் வீட்டில் வெடிமருந்து போட்ட தோட்டாவை யாரும் சுடமாட்டார்கள். அந்த ஆள் கொஞ்சம் அசந்து மருந்தை இரண்டு தடவை கொட்டியிருந்தால், துப்பாக்கி நம் கையிலேயே வெடிக்கலாம். முப்பத்தோரு வருடமாக ஆர்டிஸ் இந்தச் சட்டத்தை மீறியது வெர்லின் ஒருவருக்காக மட்டுமே. வேறு எந்தப் பெண்ணும் தன் புருஷனை அவ்வளவு நம்பியதில்லை என்று அவர் பெருமைப்படுவார்.

இப்போது அவள் வேறு யாரையோ நம்பத் தொடங்கியிருக்கிறாள்.

கிளப்பில் சிவப்பு மெழுகு பூசுகிறவன் ரஸ் ஒருவன்தான். மனைவியை இழந்தவன். வாய் நிறையச் சொந்தப் பற்கள் வேறு.

சனிக்கிழமை காலை ஆர்டிஸ் ஹக்கிள்பெர்ரிப் பழம் பறிக்க மலைக்குப் போனதும், வெர்லின் அந்தப் பெட்டியிலிருந்து ஐந்து தோட்டாக்களை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனார். கூடவே தன் நீலத்திலும் ஐந்து. அங்கே பக்கத்து மேசையில் ரஸ் உட்கார்ந்திருந்தான்.

"என்ன கிழவா, தனியா வந்திருக்க? ஆர்டிஸ் வந்தாத்தான் அந்தக் குறி அட்டைக்கே மரியாதை."

 வெர்லின், குண்டின் வேகம் காட்டும் பெட்டியை மூன்று கால் கட்டையில் நிறுத்தினார். மணல்மூட்டையில் கைகளை ஊன்றி, முதலில் நீலத்தைச் சுட்டார். பிறகு அட்டையை மாற்றிவிட்டு, கை போனால் போகட்டும் என்று சிவப்பைத் துப்பாக்கியின் உருளைக்குள் திணித்தார். ஐந்தும் ஐந்து திசையில் போக வேண்டும், ஒன்றாவது அட்டையே படாமல் மண்மேட்டில் புதைய வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார்.

பெட்டியில் தெரிந்த எண்களைப் படிக்க அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்ததும், ரஸ் எழுந்து வந்து தானே வாசித்தான். நீலத்தின் சராசரி நொடிக்கு எழுநூற்று நாற்பத்திரண்டு அடி. சிவப்புக்கு எழுநூற்று நாற்பது.

அட்டைகளைக் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டிலும் ஐந்து துளைகளும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடந்தன. ஒரு வெள்ளி டாலர் நாணயத்தை வைத்தால் மூடிவிடலாம். ரஸ் எட்டிப் பார்த்து விசிலடித்தான்.

"ரெண்டும் ஒரே கை போட்ட மாதிரி இருக்கே."

ஒரே வேகம் வந்தால் மருந்தின் அளவும் ஒன்றேதான் என்று வெர்லின் கணக்குப் போட்டார். மருந்தின் அளவு அவருடைய நோட்டில் இருக்கிறது. நோட்டு வீட்டுக் கொட்டகை மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. அது அங்கே இருப்பது தெரிந்தவள் ஒருத்திதான். ஆக, குண்டு இவனுடையது. அளவை எடுத்துக் கொடுத்தவள் அவள். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த வழியெல்லாம் அவர்கள் இருவரும் அந்த நோட்டின் மேல் தலை சாய்த்துக் குனிந்திருப்பது போலவே அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

ஆர்டிஸ் சமையலறையில் பழங்களை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெர்லின் இரண்டு அட்டைகளையும் அவள் முன்னால் போட்டு, மீதிச் சிவப்புப் பெட்டியைப் பக்கத்தில் வைத்தார்.

"யாரு அவன்?"

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவனும் இல்ல, இவனும் இல்ல. நான்தான் போட்டேன். உன் நீல மெழுகுல கை வெச்சா நீ கண்டுபிடிச்சிருவியோன்னு சிவப்பு வாங்கினேன்."

வெர்லின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ரஸ் இறங்கிப் போனான். ஒரு கை பழத்தை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். இதைச் சொல்லித்தொலைப்பதற்கு என்ன, நானே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பேனே என்றார். சிஷ்யை வாத்தியார் அளவுக்கு வந்துவிட்டாள் என்று துளைகளை ஒப்பிட்டுக் காட்டினார்.

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மார்ச்சில் அவர் போட்டுக் கொடுத்த தோட்டா ஒன்று கையைப் பலமாக உதைத்ததைச் சொன்னாள். அந்தப் பெட்டியின் தோட்டாக்கள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்ததையும், இன்னும் மூன்றில் மருந்து இரண்டு மடங்கு இருந்ததையும் சொன்னாள். பழங்களைப் பார்த்தபடியேதான் சொன்னாள்.

வெர்லின் தன் நீல அட்டையை விரலால் தொட்டார். "அப்போ இது எப்படி இவ்வளவு சுத்தமா வந்துச்சு?"

"மார்ச்சுல இருந்து நீ போடுறதையெல்லாம் பிரிச்சு நான்தான் மறுபடி மருந்து போடறேன். என் கையில சுட்டுப் பாத்துட்டுத்தான் உனக்கு வெப்பேன்."