தள்ளிவிட்ட கை

மேட்டின் பாதியில் லீவாவின் வண்டி திடீரென்று லேசானது.

பின்காற்று என்று நினைத்தாள். மல்லாந்து படுத்து, மார்புக்கு மேலிருக்கும் கைப்பிடிகளைச் சுழற்றி ஓட்டுகிற மூன்று சக்கரப் பந்தய வண்டி அது. பின்னால் நடப்பது தெரியாது. தோள் இரண்டும் தீயாய் எரிந்துகொண்டிருந்த நேரம். மனசுக்குள் காற்றுக்கு நன்றி சொல்லிக்கொண்டாள்.

அப்புறம்தான் காற்றுக்கு மூச்சிரைப்பது கேட்டது.

தலைக்கு மேலே ஒரு தொப்பை ஆடியது. தொப்பைக்குக் குறுக்கே நகராட்சிப் பட்டை. காலையில் பந்தயத்தைத் தொடங்கிவைத்து, "நீங்க ஓட்டக்கூட வேணாம், வந்து படுத்ததே சாதனை" என்று பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்ட உறுப்பினர் உர்பான், இரண்டு கைகளாலும் அவளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"கைய எடுங்க! யோவ், கைய எடுய்யா!"

"பரவால்லம்மா, எனக்கென்ன சிரமம். பின்ன நான் எதுக்கு இருக்கேன்!"

சாலையோரம் கைதட்டல் காதைப் பிளந்தது. உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்த பெண்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டு அழுதார்கள். லீவா கத்தியதை எல்லோரும் ஆனந்தக் கூச்சலாக எடுத்துக்கொண்டார்கள். கால் வராத பெண் கத்தினால் வேறு என்னவாக இருக்க முடியும்?

இந்தப் பந்தயத்தில் முதலாவதாக வருபவள்தான் பெல்ஜியத்துக்காக உலகப் போட்டிக்குப் போவாள். லீவாவுக்கு அடுத்து வந்தவள் கீழே தேவாலயத் திருப்பத்தையே இன்னும் தாண்டவில்லை.

மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் சிவப்புக் கொடியைக் காட்டினார். உர்பான் சட்டென்று கையை எடுத்துவிட்டுக் குழந்தை மாதிரி விழித்தார்.

"வெளியாள் தள்ளினா நீக்கம்தான் லீவா. நீ கேக்கலன்னு எனக்கும் தெரியுது. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"ஐயையோ, இப்படி ஒரு விதி இருக்கா?" உர்பான் கலங்கிப் போனார். தொலைக்காட்சிக்காரர்கள் ஓடிவந்து அந்தக் கலக்கத்தைக் கிட்டத்தில் படம் பிடித்தார்கள். மனிதநேயத்துக்கே சிவப்புக் கொடி காட்டிவிட்டார்கள் என்றார் செய்தியாளர். கூட்டம் நடுவரைப் பார்த்து ஊளையிட்டது. யாரோ ஒருவர் லீவாவின் தலைக்கவசத்தைத் தட்டிக்கொடுத்து ஒரு சாக்லேட்டை மடியில் வைத்துவிட்டுப் போனார்.

சாலையோரம் ஒதுக்கப்பட்ட வண்டியில் கிடந்தபடி அவள் உர்பானைப் பார்த்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார். கடைசியில் அவளுக்கே பாவமாகப் போயிற்று. கெட்ட மனுஷன் இல்லை, விவரம் கெட்ட மனுஷன்.

"விடுங்க, தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றாள்.

அப்போது இரண்டாவது வண்டி மேடேறி வந்தது. நேலெ என்கிற பெண், லீவா அதிகம் பழகியிராதவள். ஊர்ந்து ஊர்ந்து வந்து பாதியில் நின்றேவிட்டாள். கைகள் வெடவெடக்க, வண்டி பின்னால் சரியப் பார்த்தது.

உர்பானின் சேவையைப் பார்த்து மனம் இளகிப் போயிருந்த ஒருவன், பீர் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு அவளைத் தள்ள ஓடினான்.

உர்பான் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தொடாதடா! போன வருஷமும் உன்ன மாதிரி ஒரு புண்ணியவான் தள்ளித்தான் என் பொண்ண நீக்கினாங்க!"