பொழுது சாயட்டும்

கடலை மில் ஆபீசில், காலையில் தொடங்கிய தன் பேச்சை மூன்றாவது தடவையாக முதலிலிருந்து ஆரம்பித்தார் சங்கத் தலைவர் கலியபெருமாள்.

கூட வந்திருந்த தைலம்மாள் தவித்தாள். "அண்ணே, சட்டுனு கேட்டு முடி."

"சும்மா இரு," என்று அவள் காதைக் கடித்தார். "முதலாளி ஜைனரு. பொழுது சாஞ்சா பச்சத்தண்ணி கூடக் குடிக்க மாட்டாரு. இழுத்துக்கினே இருந்தா, பசிக்குப் பயந்து தானா வழிக்கு வருவாரு."

முதலாளி ஜினதாஸ் நயினார் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கலியபெருமாள் தொழிலாளர் உரிமையில் தொடங்கி உலக சமாதானம் வரைக்கும் போய்வந்தார். சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது.

"சரிப்பா, நீங்க கேட்டதைக் கொடுத்துட்டேன்," என்றார் நயினார்.

கலியபெருமாளுக்குத் தலைகால் புரியவில்லை. "சந்தோஷம் முதலாளி! இன்னும் வெளிச்சம் இருக்குது, ஓடிப்போய் சாப்டுட்டு வாங்க."

"இன்னிக்கு எனக்கு உபவாசம்பா. காலையிலேயே சரின்னு சொல்லியிருப்பேன். நீ எங்க பேச விட்ட?"

வெளியே வந்ததும் தைலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மலையனூர் கோயில் அமாவாசைக்குப் போவணும், இன்னிக்கு மத்தியானத்தோட எங்கள வுடுங்கன்னு கேக்கத்தானே உன்ன இட்டாந்தோம்? கடைசி ஸ்பெஷல் பஸ்ஸும் போயிட்டுது!"