கரடி வகுப்பு

"ஆட்டம் போட்டுத்தான் வார்த்தை கத்துக் குடுக்கறீங்களா? தெருக்கோடி வரைக்கும் கூச்சல்!" என்றபடி வகுப்புக்குள் நுழைந்தார் கல்வி அதிகாரி. பின்னாலேயே தலைமை ஆசிரியர், வேர்த்து விறுவிறுத்து.

நின்றுகொண்டிருந்த வாண்டுகள் கப்சிப் ஆனார்கள்.

"சார், ஒரு நிமிஷம். நாங்க இப்போ..." என்று ஆரம்பித்தார் டீச்சர்.

"நீங்க வாயே திறக்கக் கூடாது. நானே சோதிச்சுக்கறேன்" என்ற அதிகாரி, குழந்தைகளிடம் திரும்பினார். "எல்லாரும் உட்காருங்க!"

ஒருவரும் உட்காரவில்லை.

"கையைத் தூக்குங்க!"

ஒரு விரல்கூட அசையவில்லை.

"மூக்கைத் தொடுங்க! குதிங்க! கண்ணை மூடுங்க!"

அத்தனை கண்களும் இமைக்காமல் அவரையே பார்த்தன.

"மூக்குன்னா என்னன்னுகூடத் தெரியலை! நாளையிலேருந்து இந்த ஆட்டத்தையெல்லாம் மூட்டை கட்டி வைங்க!"

தலைமை ஆசிரியர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். "கோபப்படாதீங்க சார். முதல்ல உட்காருங்க."

அதிகாரி தொப்பென்று உட்கார்ந்தார்.

"அவுட்டு!" கூரை பிய்த்துக்கொள்ளும்படி கத்தியது வகுப்பு. "பெரிய மாமா அவுட்டு!"

"என்னது?"

முன்பல் இல்லாத ஒரு சிறுமி இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தாள். "'கரடி சொல்லுது'ன்னு முதல்ல சொன்னாத்தான் செய்யணும். நீங்க எவ்வளவோ ஏமாத்திப் பார்த்தீங்க, நாங்க யாராவது ஏமாந்தோமா? அவர் சும்மா 'உட்காருங்க'ன்னாரு, நீங்க உட்கார்ந்துட்டீங்களே! அவுட்டானவங்க மூலையில நிக்கணும் மாமா."

அதிகாரி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வாயைத் திறக்காமல் மூலையைக் கைகாட்டினார்.

அதிகாரி எழுந்து போய் நின்றார்.

"ஐயோ சார், நீங்க வாங்க, நாம போகலாம்!" என்று கெஞ்சினார் தலைமை ஆசிரியர்.

"கரடி சொல்லட்டும் சார், வர்றேன்" என்றது மூலை.