நான்காவது மாடிச் சிகரம்

ஊனமுற்றோருக்குச் சக்கர நாற்காலி வாங்க நிதி திரட்ட மலையேறப் போகும் கூட்டத்தில் தவசீலனும் ஒருவன். பயிற்சிக்காக, முதுகில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு, லிஃப்ட் இல்லாத தன் குடியிருப்பின் படிகளில் தினமும் ஏறி இறங்கினான். நான்காவது மாடியின் கடைசிக் கதவுதான் அவனுக்குச் சிகரம். அதை ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிவிடுவான்.

ஒருநாள் தட்டிய கையை எடுக்குமுன் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் எஸ்தர் அக்கா. கால்கள் செயலிழந்த பிறகு அவளை யாரும் வெளியே பார்த்ததில்லை.

"யாரோ வராங்கன்னு தினமும் தலை சீவிட்டு உக்காந்திருக்கேன் தம்பி. தட்டிட்டு ஓடிடுற."

"மலை ஏறப் பழகுறேன்க்கா."

"இறங்கப் பழக வேணாமா?"

அவன் மூட்டையை அவிழ்த்து வாசலில் வைத்தான். திரும்பிக் குனிந்தான். அவளை முதுகில் சுமந்து ஒவ்வொரு படியாக இறங்கினான். எந்த மூட்டையும் அவன் கழுத்தை இப்படி இறுகக் கட்டிக்கொண்டதில்லை.

கீழே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்த எஸ்தர் அக்கா, காய்கறி வண்டியை, நாயை, ஆட்டோவை எல்லாம் ஆசைதீரப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து தன் ஜன்னலைத் தேடினாள்.

"அவ்ளோ ஒசரத்துலயா தம்பி இருந்தேன்?"