பல்லின் பின்பக்கம்

"எல்லாம் இவ அப்பா பண்ற வேலை, டாக்டர். எனக்குத் தெரியாம கூல்டிரிங்ஸ் வாங்கிக் குடுத்துக் குடுத்தே பிள்ளை பல்லைக் கெடுத்துட்டார்."

அம்மா பொரிந்து தள்ளினாள். நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்த மகளுக்குப் பதினான்கு வயது. பள்ளியின் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் இருக்கிறாள். தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது என்று வந்திருந்தாள்.

பல் மருத்துவர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஈறோரம் சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளைத் திட்டுகள். சொத்தையின் ஆரம்பம்.

"இன்னும் குழி விழலம்மா. இப்பவே கவனிச்சா சரிபண்ணிடலாம்."

"அப்பாடா! அடுத்த மாசம் போட்டி. மேடையில சிரிச்சா பளிச்சுனு இருக்கணும்ல? எனக்கும் இப்படித்தான், கல்யாணத்துக்கு முன்னாடியே முன்பல்லெல்லாம் தேஞ்சுபோய் மேல உறை மாதிரி கேப் போட்டுக்கிட்டேன். எங்க குடும்பத்துப் பல்லே அப்படி."

மருத்துவர் கண்ணாடியைத் திருப்பினாள். மேல்வரிசையின் முன்பக்கம் முத்துப்போல் இருந்தது. பின்பக்கம், நாக்குப் படும் பக்கம், மேல்பூச்சு கரைந்து உள்ளிருந்த மஞ்சள் தெரிந்தது.

கண்ணாடி அவள் கையில் அப்படியே நின்றது. குடிக்கிற எதுவும் பின்பக்கத்தை மட்டும் இப்படித் தின்னாது. வயிற்றிலிருந்து திரும்பி வரும் அமிலம்தான் தின்னும்.

"நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்கம்மா. ஒரு எக்ஸ்ரே எடுத்துடறேன்."

கதவு மூடியது. மருத்துவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, ஸ்டூலை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிட்டதும் வாந்தி எடுக்கிறியாம்மா? எடை ஏறக்கூடாதுன்னு, நீயாவே?"

சிறுமி தலைக்கு மேலிருந்த விளக்கையே பார்த்தாள். கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. தலை மட்டும் மெல்ல அசைந்து ஆமென்றது.

மருத்துவர் பஞ்சை எடுத்து அந்த ஈரத்தைத் துடைத்தாள். பல்லுக்குப் பூச்சு போடலாம். இதற்கு எதைப் போடுவது?

"பயப்படாதடா. இதை நீ தனியா சமாளிக்க முடியாது. அம்மாகிட்ட நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன். பெத்தவங்க, புரிஞ்சுக்குவாங்க."

அவள் எழுந்தாள். கதவுப் பக்கம் திரும்புவதற்குள் சிறுமி அவள் கோட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் டாக்டர்... சொல்லிக்குடுத்ததே அம்மாதான்."